சாமுவேல் (அமெரிக்கா)

பட்டு வேட்டியின் கரை சுருங்காமல் பாலாம்பிகை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. வேட்டியும் சட்டையும் பின்னேரத்துக்குள் சவப்பெட்டிக்காரரிடம் போய்ச் சேர வேண்டும். நாளைக்குச் செத்தவீடு. குணநாயகம் உயிரோடு இருந்த காலமெல்லாம் கசங்கின சட்டையோடேயே எசன் நகரைச் சுற்றி வந்த மனிதர். 'இப்பதான் சொல்வழி கேக்கிறார்' என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

குணநாயகத்தின் தங்கை செல்வமலர்தான். நேற்றும் முந்தநாளும் அழுது தீர்த்துவிட்டாளாக்கும், இன்றைக்குக் குரலில் ஈரமே இல்லை.

"மச்சாள், ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. ஆர் உந்தச் சாமுவேல்?"

"எந்தச் சாமுவேல்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். மரண அறிவித்தலைப் பாருங்கோ. எனக்குத் தெரியாமல் எனக்கொரு அண்ணன் அமெரிக்காவிலை இருந்து செத்தும் போயிருக்கிறார். விடியத்தொடக்கம் இஞ்சை போன் ஓயேல்லை. எங்கட அப்பு அந்த நாளையிலை கொழும்பிலை வேலை செய்தவர் எல்லோ, ஆக்கள் வேறை மாதிரிக் கதைக்கினம்."

பாலாம்பிகை இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகள் தேனுஜா தன் கைபேசியில் அறிவித்தலைத் திறந்து நீட்டினாள். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஜெர்மனி எசனை வதிவிடமாகவும் கொண்ட நடராசா குணநாயகம் அவர்கள் காலமானார் என்று ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தது. பாலாம்பிகையின் அன்புக் கணவரும், தேனுஜாவின் பாசமிகு தந்தையும் என்பதும் சரி. அடுத்த வரிதான் வில்லங்கம். 'காலஞ்சென்ற சாமுவேல் (அமெரிக்கா), செல்வமலர் (கனடா) ஆகியோரின் அன்புச் சகோதரரும்' என்று கிடந்தது.

பாலாம்பிகை தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் செத்துப்போனவர்களின் வரிசை. குணநாயகத்தைப் பெற்ற அப்பு, ஆச்சி, பாலாம்பிகையின் ஐயா, அம்மா. அவர்களோடு ஒருவராய், கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் கிற்றாரை வைத்துக்கொண்டு, நல்ல கறுத்த மனிதர் ஒருவர் பழைய பழுப்புப் படத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் போல அவருக்கும் சந்தனப் பொட்டு. எல்லாருக்கும் போல அவருக்கும் பிளாஸ்டிக் மாலை.

பாலாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் செத்து நாலு நாள் ஆகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேனுஜா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

சாமுவேல் டில்வுட் குணநாயகத்துக்கு அண்ணனானது எப்படி என்பதைச் சொன்னால்தான் இந்தச் சிரிப்பு விளங்கும். எண்பத்தைந்தாம் ஆண்டு குணநாயகம் அகதியாக வந்து இறங்கியபோது, முகாமில் அவருக்குக் கொடுத்த அலுமாரிக்குள் ஒரு கசெட் கிடந்தது. முன்னுக்கு இருந்தவன் எவனோ மறந்துவிட்டுப் போனது. பழைய சாமான் சந்தையில் ஒரு பாட்டுப்பெட்டியை வாங்கி அதைப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு கிற்றார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் யாரோ தனக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து கதை சொல்வது போலவே குணநாயகத்துக்குப் பட்டது.

கசெட்டோடு மடித்து வைத்திருந்த தாளில் அந்த மனிதரின் படமும், பொடி எழுத்தில் வரலாறும் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்து அதை வாசித்து முடித்தார். மிசிசிப்பியில் பருத்திக் காட்டுக் கூலி. சின்ன வயதில் வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கம்பி கட்டி வாசிக்கப் பழகினவர். பிறகு போத்தல் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டு, கிற்றாரின் கம்பிமேல் வழுக்கி வாசிக்கிறதில் அந்தப் பக்கத்தில் பெயரெடுத்தவர். சனிக்கிழமை இரவில் கொட்டில்களில் வாசிப்பார், திங்கட்கிழமை விடியப் பருத்திக்குப் போய்விடுவார். ஒருநாள் நகரத்திலிருந்து இசைத்தட்டுக் கம்பனிக்காரர் வந்து ஹோட்டல் அறையொன்றில் இருத்தி ஆறு பாட்டுப் பிடித்துக்கொண்டு, ஒரு போத்தல் விஸ்கியையும் கொடுத்து அனுப்பினார்கள். தட்டு விற்கவில்லை. மனிதர் திரும்பிப் பருத்திக்கே போனார். ஒரு கார்த்திகை மாதம் சளிக்காய்ச்சலில் செத்துப்போனார். கல்யாணமில்லை, பிள்ளைகுட்டி இல்லை. எங்கே புதைத்தது என்றுகூடத் தெரியாது. நாற்பது வருடம் கழித்து உலகமெல்லாம் அந்த ஆறு பாட்டையும் தேடித் தேடிக் கேட்டது. அதைக் கேட்டு வாசித்துப் பெரிய ஆட்களானவர்கள் போய் விசாரித்தபோது, புதைகுழியைக் காட்ட ஒருவருமில்லை.

குணநாயகத்துக்கு அந்தக் கடைசி இடம் பொறுக்கவில்லை. "அப்ப அந்தாளுக்கு ஆர் திவசம் குடுக்கிறது?" என்று தன்னோடு ஒரே அறையில் இருந்த அறைக்காரனைக் கேட்டார். அறைக்காரன் வேறு யாருமில்லை, பாலாம்பிகையின் அண்ணன் அரியரத்தினம். அந்தக் கார்த்திகையே முகாமின் பொதுக் குசினியில் சோறு காய்ச்சி, பருப்பும் கத்தரிக்காயும் வைத்து, குணநாயகம் முதல் திவசத்தைக் கொடுத்துவிட்டார். யன்னலில் ஒரு பிடி சோறு வைத்தார். எசன் காகம் வந்து தின்றது. அதிலிருந்து அவர் சாமுவேல் அண்ணை.

பிறகு அரியரத்தினம் அறைக்காரனுக்கே தங்கையைக் கட்டிக்கொடுத்தார். பாலாம்பிகை வந்த வருடம், "நாளைக்கு எங்கட அண்ணையின்ரை திவசம்" என்று புருசன் சொன்னதும் விடிய எழும்பித் தலைமுழுகி, நாலு கறி வைத்து, மத்தியானம் வரைக்கும் பச்சைத்தண்ணி குடிக்காமல் இருந்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், "அண்ணை எந்த ஊரிலை இருந்தவர்?" என்று கேட்டாள்.

"மிசிசிப்பி."

"அது வன்னிப் பக்கமோ?"

விசயம் தெரிந்த பிறகு ஒரு கிழமை அவள் புருசனோடு கதைக்கவில்லை. குசினியிலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலின் கழுத்தைக் குணநாயகம் அறுத்து, சாமுவேலைப் போல விரலில் மாட்டிக் கிற்றார் பழகுவதும் அந்தக் கிழமைதான் தெரிய வந்தது. எட்டாம் நாள் குணநாயகம் தாளை எடுத்து வைத்து முழுக்கதையையும் சொன்னார். பாட்டுகளில் முக்கால்வாசி பகிடி என்றும் சொன்னார். ஒரு பாட்டில், முதலாளி தன்னைவிடக் கழுதைக்கு நல்ல சாப்பாடு போடுகிறார் என்று சாமுவேல் முறைப்பாடு வைக்கிறாராம், கடைசியில் போய்க் கழுதையிடமே விருந்து கேட்கிறாராம். குணநாயகம் கழுதையாகவும் சாமுவேலாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். பாலாம்பிகை சிரிக்கக் கூடாது என்று இருந்து பார்த்தாள், ஏலவில்லை. அடுத்த கார்த்திகையில், தாளில் இருந்தபடி அந்த மனிதருக்குப் பிடித்த பொரித்த மீனையும் அவளே சேர்த்துக்கொண்டாள். அதுக்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை.

அந்தத் திவசச் சோற்றைச் சின்ன வயதிலிருந்தே சாப்பிட்டு வளர்ந்தவன்தான் அரியரத்தினத்தின் மகன் நிலக்சன். "ஆர் மாமி இவர்?" என்று ஒருநாள் படத்தைக் காட்டிக் கேட்டதுக்கு, "மாமாட அண்ணை, அமெரிக்காவிலை இருந்தவர்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யுமில்லை. இப்போது ட்ராம் ஓட்டுகிற முழு ஆம்பிளை. மாமா செத்ததும் அறிவித்தல் போடுகிற பொறுப்பை வாங்கிக்கொண்டு, ஒருவரையும் கரைச்சல்படுத்தாமல், தெரிந்ததை வைத்துத் தானே எழுதி அனுப்பியிருக்கிறான்.

அன்று பின்னேரம் அரியரத்தினம் மகனையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கோயில் நிர்வாக சபையில் இருக்கிறவர். எசனில் எந்தத் தமிழ்ச் செத்தவீட்டிலும் அவர்தான் முன்னுக்கு நின்று நடத்துவார், வாழ்க்கைக் குறிப்பையும் அவர்தான் வாசிப்பார்.

"பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. இவன் மொக்கன். இப்பவே திருத்தம் போடுவம். அந்தப் பேரை எடுத்தாச் சரி."

நிலக்சன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவாளியாக நின்றான். "மாமி, நான் உண்மையா நினைச்சன், எங்கட ஆள் எண்டு. அழிக்கிறது லேசு. அழிக்கட்டோ?"

அழி என்று சொல்லத்தான் பாலாம்பிகை வாயைத் திறந்தாள். சனம் கதைக்கிறது, மச்சாள் கனடாவில் நெருப்பில் நிற்கிறாள், மாமனாருக்கும் வீண் பழி. ஒரு பெயர்தானே. ஆனால் சுவரிலிருந்த படத்தின் பிளாஸ்டிக் மாலை கண்ணில் பட்டது. குணநாயகம் கூடப்பிறந்த ஆம்பிளைச் சகோதரம் இல்லாதவர். முகாமில் காய்ச்சலில் கிடந்தபோதும், வேலை போனபோதும், ஊரில் பெற்ற ஆச்சி செத்தும் போய்ப் பார்க்க வழியில்லாமல் இருந்தபோதும், "அண்ணையிட்டைக் கேப்பம்" என்று சொல்லிவிட்டுக் கிற்றாரைத் தூக்குவார். வாசித்து முடியச் சிரித்துக்கொண்டு எழும்பி வருவார். இப்போது அந்த அண்ணையை அழித்துவிட்டால் அந்த வருடங்களில் அவர் தனியாகக் கிடந்த மாதிரி ஆகிவிடும். மற்றப் பக்கம், ஏற்கெனவே குழிகூட இல்லாமல் போன மனிதர். அவர் பெயரை ஒருதரம் எழுதி, பிறகு தன் கையாலேயே அழிப்பதா?

"வேண்டாம் நிலக்சன், இருக்கட்டும்."

"என்ன கதை உது?" அரியரத்தினம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஊர் சிரிக்கும் பிள்ளை. நடராசாவுக்குச் சாமுவேல் எப்பிடிப் பிறந்தவர் எண்டு நாளைக்கு மண்டபத்திலை கேட்டால் நான் என்ன சொல்ல? மேடையிலை நிண்டு வாசிக்கப் போறது நான்."

"வாசியுங்கோ."

"வாசிக்க ஏலாது. நான் அந்த வரியை விட்டிட்டுத்தான் வாசிப்பன்."

பாலாம்பிகை அண்ணனுக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள். அப்போதும் உயர்த்தவில்லை. இஸ்திரி போட்ட வேட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணை, சாமுவேலுக்கு முதல் திவசம் முகாமிலை குடுக்கேக்கை நான் இல்லை. ஒரு இலையிலை காகத்துக்கு வைச்சது. மற்ற இலையிலை இருந்து சாப்பிட்டது ஆர்?"

அரியரத்தினம் திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

"வந்து மூண்டு மாசமாப் பாணைத் திண்டு வயிறு காய்ஞ்சு கிடந்தனியள் எண்டும், அண்டைக்குத்தான் முதல் முதலாச் சோறு கண்டனியள் எண்டும், மூண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டனியள் எண்டும் இவர் எத்தினைதரம் சொல்லிச் சிரிச்சிருக்கிறார். திவசச் சோறு திண்டால் உரித்துத்தானே? அந்த வாயாலை அந்தாள் ஆரோ எண்டு சொல்லுவியளோ?"

அரியரத்தினம் மகனைப் பார்த்தார். மகன் நிலத்தைப் பார்த்தான். "கோட்டை எடுடா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பாலாம்பிகை அன்று இரவு குணநாயகத்தோடு சண்டை பிடித்தாள். அதாவது, சுவரில் புதிதாக ஆணியடிக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டு, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு பாலா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போன மனிதர் பிறகு எழும்பவில்லை. நாற்பது வருடம் கிட்டச் சமைத்துப் போட்டதுக்குக் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. போனதுதான் போனீர், உம்முடைய அண்ணையாலை என்னை என்ரை அண்ணையோடை பகைக்க வைச்சிட்டெல்லோ போனீர்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. டுசல்டோர்ஃபிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். குணநாயகம் பட்டு வேட்டியில், சுருக்கமில்லாத சட்டையில், கொஞ்சம் அந்நியமாகப் படுத்திருந்தார். சுண்ணம் இடித்தார்கள், பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். நல்லெண்ணெய்ப் போத்தல் கழுத்தையும் பெட்டிக்குள் வைக்கப் பாலாம்பிகை கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிச் சாமான் எரிக்க விடமாட்டோம் என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டதால் அது கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

பின்வரிசையில் வயதுபோன ஜெர்மன்காரர் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வியாழக்கிழமைகளில் பியர்க்கடையின் பின்னறையில் குணநாயகத்தோடு சேர்ந்து சாமுவேலின் பாட்டுகளை வாசிக்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி யூர்கன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கிற்றார்ப் பெட்டியைக் கால்களுக்கு இடையில் வைத்திருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. எல்லாரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தார்கள்.

மண்டபத்தில் அடுத்த செத்தவீட்டுக்கு நேரமாகிறது என்று கதவடியில் ஒருவர் கைகாட்டினார். அரியரத்தினம் தாளை எடுத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பெற்றோர் பெயர் எல்லாம் கணீரென்று வாசித்தார். பாலாம்பிகை கைப்பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும் என்று வாசித்து, "காலஞ்சென்ற" என்ற இடத்தில் அரியரத்தினம் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒரு தூசும் இருக்கவில்லை என்பது பாலாம்பிகைக்குத் தெரியும்.

"காலஞ்சென்ற சாமுவேல், அமெரிக்கா" என்று வாசித்தார். "செல்வமலர், கனடா. ஆகியோரின் அன்புச் சகோதரர்."

முன்வரிசையில் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு மனிசி "ஆரது?" என்று பக்கத்தில் கேட்டது நன்றாகவே கேட்டது. ஆனால் பின்வரிசையில் அவ்வளவு நேரமும் சொல் விளங்காமல் குனிந்திருந்த யூர்கன் சட்டென்று நிமிர்ந்தார். விளங்கின ஒரே ஒரு பெயர். அவர் எழும்பி நின்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். சகோதரர் பக்கத்து உரித்துக்காரர் எங்கே என்று யாரும் கேட்டிருந்தால் அவர்களைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

அரியரத்தினம் தாளை மடித்தார். பிறகு யாரும் எதிர்பாராமல், யூர்கனைப் பார்த்து, முன்னுக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பாலாம்பிகை கைப்பையைத் திறந்து போத்தல் கழுத்தை யூர்கனின் உள்ளங்கையில் வைத்தாள். "இனி உங்களிட்டை இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு விளங்கியது. அதை விரலில் மாட்டிக்கொண்டு அவர் வாசித்தது கழுதைப் பாட்டு. சோகமாக ஏதும் வாசிப்பார்கள் என்று இருந்த சனத்துக்கு முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு தேனுஜாவின் கால் தாளம் போட்டது. பிறகு நிலக்சனின் கால். இரண்டாம் அடிக்கு வந்தபோது பாலாம்பிகை அழுதுகொண்டே சிரித்தாள், அப்பா இந்த இடத்தில்தான் கழுதையாகிறவர் என்று மகளின் காதுக்குள் சொன்னாள். அரியரத்தினம் கைகளைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றார். அவருடைய கால் பெருவிரலும் அசைந்தது என்று நிலக்சன் பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தான்.

செல்வமலர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றிரவு அழைப்பு எடுத்தாள். "மச்சாள், சனம் இன்னும் கேக்கினம்" என்றாள். "அண்ணைதான் எண்டு சொல்லிப்போட்டன். என்ன செய்யிறது, அந்த ஜெர்மன்காரர் நல்லா வாசிக்கினம்."

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை வீட்டு மட்டத்தில்தான் செய்தார்கள். புது ஆணியில் குணநாயகத்தின் படம் ஏறியிருந்தது, சாமுவேலுக்குப் பக்கத்தில். படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. "கூடினாலும் குறைஞ்சாலும் வந்து சொல்லட்டும் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே பாலாம்பிகை ஆட்டிறைச்சிக் கறியை இறக்கினாள். குணநாயகத்தின் இலையில் பிட்டும் கறியும், பக்கத்தில் ஒரு பியர். அரியரத்தினம் கையில் ஒரு பையோடு வந்திருந்தார். பிறந்ததிலிருந்து சாராயம் தொடாத மனிதர் பைக்குள்ளிருந்து விஸ்கிப் போத்தலை எடுத்தார். கடையில் எது நல்லது என்று தெரியாமல் பெரிதாக ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

"மற்ற இலை எங்கை?" என்று கேட்டார்.

தேனுஜா ஓடிப்போய் இன்னொரு இலை கொண்டு வந்தாள். பாலாம்பிகை பொரித்த மீனைப் போட்டாள், அதை அவள் முதலே பொரித்து மூடி வைத்திருந்தாள். அரியரத்தினம் கிளாசில் விஸ்கியை வார்த்தார். எவ்வளவு வார்ப்பது என்று அவருக்குத் தெரியாது, விளிம்பு வரைக்கும் வார்த்தார். குணநாயகத்தின் இலைப் பக்கம் கொண்டுபோய், நின்று, திரும்பி, அதைச் சாமுவேலின் இலையில் முதலில் வைத்தார்.

"மூத்தவர் எல்லோ" என்றார், யாரையும் பார்க்காமல்.

சாம்பிராணி காட்டி, விளக்கை வைத்து, செத்தவர்கள் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்தினார்கள். வழக்கம்போல எல்லாரும் ஒடுங்கின நடைபாதையில் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றார்கள். நிலக்சனுக்குப் பசி. இறைச்சிக் கறி மணம் கதவுக்குக் கீழால் வந்துகொண்டிருந்தது. சாதாரணமாக எடுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, அரியரத்தினம் கதவுப் பிடியில் கையை வைத்தார்.

"பொறுங்கோ அண்ணை" என்றாள் பாலாம்பிகை. "ரெண்டு பேரெல்லோ சாப்பிடினம்."

அரியரத்தினம் கையை எடுத்தார்.